சுடுதண்ணீர் ஹீட்டர்: கோலாலம்பூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமான் வீடு, பிளாட், கொண்டோ என்று எங்கே போனாலும் குளியலறைச் சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி தொங்குகிறது. அது பழுதானால்தான் அதைப் பற்றிய கேள்விகள் வரும். வழக்கமாக வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஹீட்டர் சரியில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை உண்மையில் தண்ணீர் ஓட்டம் பற்றியவை. அதனால் பதில்களில் அந்தப் பேச்சு அடிக்கடி தலைகாட்டும்.

இந்த வெயில் ஊரில் நமக்கு எதற்கு ஹீட்டர்?

பகலில் தேவையில்லைதான். நம் குழாயில் வரும் தண்ணீர் ஏறக்குறைய 27, 28 டிகிரி செல்சியஸ். மத்தியானம் கூரைத் தொட்டி காய்ந்த பிறகு குழாயைத் திறந்தால் அதுவே வெந்நீர். ஆனால் நவம்பர் மழையில், தீபாவளியன்று விடிகாலை நாலு மணிக்குத் தலையில் எண்ணெயோடு நிற்பவரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பிள்ளை பெற்ற வீடு, மூட்டுவலி உள்ள பாட்டி, வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் தலை குளிப்பவர்கள் எல்லோருக்கும் 38 முதல் 40 டிகிரி வேண்டியிருக்கிறது.

அதாவது நமக்கு வேண்டியது பத்து, பன்னிரண்டு டிகிரி ஏற்றம் மட்டுமே. அதனால்தான் இங்கே 3.6 கிலோவாட் பெட்டி போதுமானதாக இருக்கிறது. பிரிட்டன் போன்ற குளிர் நாடுகளில் குளிர்காலத்தில் தண்ணீர் 10 டிகிரிக்கும் கீழே வரும். அங்கே குளியலறைச் சுவரில் 8, 9, 10 கிலோவாட் ஹீட்டர்களை மாட்டுகிறார்கள்.

அந்தச் சின்னப் பெட்டி தண்ணீரை உடனே எப்படிச் சுட வைக்கிறது?

உள்ளே சில நூறு மில்லிலிட்டர் மட்டுமே பிடிக்கும் ஒரு குட்டித் தொட்டி இருக்கும். அதற்குள் சுருளாக வளைந்த ஒரு உலோகக் குழல்தான் எலிமெண்ட். குழலின் நடுவில் நைக்ரோம் கம்பி ஓடும், அதைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூள் இறுக்கி அடைக்கப்பட்டிருக்கும், வெளியே செம்பு உறையோ துரு பிடிக்காத உலோக உறையோ இருக்கும். அந்தத் தூள் வெப்பத்தை வெளியே விடும், கரண்டை வெளியே விடாது. ஹீட்டரின் பாதுகாப்பில் பாதி அந்த வெள்ளைத் தூளில்தான் இருக்கிறது.

குழாயைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கியதும் ஓட்ட சுவிட்ச் ஒன்று அதை உணர்ந்து எலிமெண்ட்டுக்குக் கரண்ட் விடும். ஓட்டம் நின்றால் கரண்டும் நிற்கும். முன்பக்கக் குமிழ் எலிமெண்ட்டுக்குப் போகும் சக்தியைக் கூட்டிக் குறைக்கிறது. பல மாடல்களில் அந்தக் குமிழ் வெப்பநிலையை அளப்பதே இல்லை. ஒரே இடத்தில் வைத்தும் ஒரு நாள் சுடுவதற்கும் மறுநாள் சுடாததற்கும் அதுதான் காரணம்: சக்தி மாறவில்லை, ஓட்டம் மாறிவிட்டது.

இவற்றோடு, சூடு எல்லை மீறினால் கரண்டை வெட்டும் கட்-அவுட்டும், கரண்ட் கசிந்தால் வெட்டும் ஈஎல்சிபியும் உள்ளே இருக்கும்.

குமிழை முழுசாகத் திருப்பியும் வெதுவெதுப்புதான். ஹீட்டர் போய்விட்டதா?

அநேகமாக இல்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 3.6 கிலோவாட் ஹீட்டருக்கு, 52-ஐ நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறதோ அந்த எண்ணால் வகுத்தால், தண்ணீர் எத்தனை டிகிரி ஏறும் என்று கிடைக்கும். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 26 டிகிரி ஏற்றம், 28-இல் உள்ளே போன தண்ணீர் 54-ஆக வரும், தோல் தாங்காது. 4 லிட்டர் என்றால் 13 டிகிரி, அதாவது 41. நல்ல குளியல். 6 லிட்டர் என்றால் 9 டிகிரிகூட ஏறாது, 37-க்குக் கீழேதான் வரும். பெட்டியின் விலை என்னவாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் ஓட்டத்தை அளப்பது சுலபம். ஒரு லிட்டர் மினரல் வாட்டர் போத்தலை ஷவர் வாயில் பிடியுங்கள். 15 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 4 லிட்டர். 8 விநாடியில் நிரம்பினால் ஏழரை லிட்டர், அவ்வளவு தண்ணீரை இந்த ஹீட்டரால் சுட வைக்க முடியாது. ஹீட்டருக்குக் கீழே உள்ள வால்வைக் கொஞ்சம் மூடினால் பிரச்சினை தீர்ந்தது. இதற்காக ஆளைக் கூப்பிட்டுக் காசு கொடுத்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம்: மலேசியாவின் வீட்டு மின் அழுத்தம் 2008 முதல் பெயரளவில் 240 வோல்ட்டிலிருந்து 230 வோல்ட்டாக மாறியது. பெட்டியில் '3.6 கிலோவாட், 240 வோல்ட்' என்று அச்சிட்டிருந்தால், 230-இல் அது 3.3 கிலோவாட்தான் தரும். வோல்டேஜ் கொஞ்சம் குறைந்தாலும் சக்தி அதன் இருமடியில் குறையும். மாலையில் தெரு முழுக்க ஏர்கோன் ஓடும் நேரத்தில் தண்ணீர் கொஞ்சம் சூடு குறைந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கீழ்மாடியில் நன்றாக வேலை செய்கிறது. மேல்மாடியில் விளக்கே எரிவதில்லை. ஏன்?

இது இரட்டை மாடித் தொடர்வீடுகளின் கதை. நம் வீடுகளில் பொதுவாகச் சமையலறைக் குழாய்க்கு மட்டும் தெருக்குழாயிலிருந்து நேராகத் தண்ணீர் வரும். குளியலறைகளுக்குக் கூரைக்குள் இருக்கும் தொட்டியிலிருந்துதான் வருகிறது. அந்தத் தண்ணீரைத் தள்ளுவது வெறும் உயரம். ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம், அவ்வளவே. கீழ்மாடி ஷவருக்கு மேலே தொட்டி நாலு, ஐந்து மீட்டர் உயரத்தில் இருக்கும். மேல்மாடி ஷவருக்கு மேலே ஒரு மீட்டர் இருந்தாலே பெரிது. ஓட்டம் அவ்வளவு மெலிதாக இருந்தால் ஓட்ட சுவிட்ச் அசையாது. சுவிட்ச் அசையாவிட்டால் எலிமெண்ட்டுக்குக் கரண்ட் போகாது. இது பழுதில்லை, வறண்ட எலிமெண்ட் எரிந்து போகாமல் காப்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பம்ப் வாங்கும் முன் இரண்டைப் பாருங்கள். ஹீட்டருக்குத் தண்ணீர் நுழையும் இடத்தில், திருகிக் கழற்றினால் விரல் நுனி அளவு சல்லடை ஒன்று வரும். பல வீடுகளில் அது செம்மண் நிறத்தில் பசை போல அடைத்துக் கிடக்கும். வால்வை மூடிவிட்டுக் கழற்றி, பழைய பல் துலக்கியால் தேய்த்துப் போட்டாலே ஹீட்டருக்கு உயிர் வந்துவிடும். அடுத்தது ஷவர் தலை. அதன் துளைகள் அடைத்திருந்தாலும் இதே கதிதான். இரண்டும் சுத்தமாக இருந்தும் ஓட்டம் வரவில்லையென்றால் பம்ப் வைத்த ஹீட்டர்தான் வழி.

பம்ப் ஹீட்டரில் ஏசி நல்லதா, டிசி நல்லதா?

டிசி பம்ப் சத்தம் குறைவு, குறைந்த வோல்டேஜில் ஓடுவது, தள்ளும் வேகம் மிதம். ஏசி பம்ப் வேகமாகத் தள்ளும், சத்தமும் போடும். விடிகாலையில் வேலைக்குக் கிளம்புகிறவர் இருக்கும் வீட்டில், அடுத்த அறையில் தூங்குகிறவர்களுக்காகவாவது டிசி வாங்கலாம். பம்ப் வந்ததும் ஓட்டம் கூடும், ஓட்டம் கூடினால் சூடு குறையும். மேலே சொன்ன 52 கணக்கு இங்கேயும் உண்டு. மழை மாதிரி கொட்டவும் வேண்டும், சுடச்சுட இருக்கவும் வேண்டும் என்றால் 3.6 கிலோவாட்டில் இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

குளிக்கும்போது திடீரென்று சுட்டெரிக்கிறது, அப்புறம் பச்சைத் தண்ணீராக வருகிறது. ஏன்?

வேறொரு குளியலறையில் யாரோ ஃபிளஷ் இழுத்திருப்பார்கள். அதே கூரைத் தொட்டிக் குழாயிலிருந்து அந்தப் பக்கமும் தண்ணீர் போவதால் உங்கள் பக்கம் ஓட்டம் பாதியாகும். எலிமெண்ட்டின் சக்தி அப்படியே இருப்பதால் ஏற்றம் இரண்டு மடங்காகும். தண்ணீர் சுடும், கட்-அவுட் கரண்டை வெட்டும், அப்புறம் பச்சைத் தண்ணீர். ஆறியதும் தானே திரும்பி வரும். இந்தச் சுற்று அடிக்கடி வந்தால் கட்-அவுட்டும் ஓய்ந்து போகும். வெப்பநிலையைத் தானே அளந்து சக்தியைச் சரிசெய்யும் மாடல்கள் கிடைக்கின்றன. விலை கூடுதலானாலும் பிள்ளைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டுக்கு அந்தப் பணம் தகும்.

ஷவர் தலையை அழகானதாக மாற்றலாமா?

பட்டனை அழுத்தினால் தண்ணீர் நிற்கிற வகையை மட்டும் உடனடி ஹீட்டரில் மாட்டாதீர்கள். இங்கே விற்கும் ஒற்றைக் குளியலறை ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றுக்குக் குழாய் திறப்பு தண்ணீர் நுழையும் பக்கத்தில்தான். வெளியேறும் பக்கம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும், உள்ளே உள்ள குட்டித் தொட்டி அழுத்தம் தாங்கச் செய்யப்பட்டதில்லை. வெளிவாயை அடைத்தால் அழுத்தம் முழுவதும் அந்தத் தொட்டி மேல் விழும். தொட்டி விரிசல் விட்டுப் பெட்டிக்குள்ளே தண்ணீர் ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டியோடு வந்த தலையையும் ஹோஸையும் வைத்துக்கொள்வதே நல்லது.

தண்ணீர்த் தடை முடிந்து குழாய் வந்த அன்றைக்கு ஹீட்டரைப் போடலாமா?

உடனே வேண்டாம். தண்ணீர் வழங்கும் ஆயர் சிலாங்கூர் தடை முடித்துத் திறந்துவிடும் முதல் தண்ணீரில் காற்றும் குழாய்த் துருவும் கலந்து வரும். பினாங்கில் 2024 ஜனவரியில் பல நாள் நீடித்த பெரிய தடையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதலில் கீழ்மாடியில் ஒரு சாதாரணக் குழாயைத் திறந்து, தண்ணீர் தெளிந்து சீராக ஓடும்வரை விடுங்கள். அப்புறம் ஹீட்டரின் மின் சுவிட்சைப் போடாமல் ஷவரை ஒரு நிமிடம் ஓட விடுங்கள். காற்றுக் குமிழ் சூழ்ந்த எலிமெண்ட் சூடேறினால் சில விநாடிகளில் கெட்டுவிடும். ஒரு வாரம் கழித்துச் சல்லடையைக் கழற்றிப் பாருங்கள்.

நம் குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் ஆற்று நீர், உப்புக் குறைவு. சென்னைப் பக்கம் ஹீட்டரில் படியும் அந்த வெள்ளைச் சுண்ணாம்புப் படிவம் இங்கே அவ்வளவாக வராது. நமக்குத் தொல்லை தருவது வண்டலும் துருவும்தான்.

ஹீட்டரில் கரண்ட் அடிக்குமா? பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. ஆனால் பெட்டியைப் பார்த்துப் பயப்படுவதைவிட வயரிங்கைப் பார்த்துப் பயப்படுவது பயன் தரும்.

எலிமெண்ட்டின் உறை காலப்போக்கில் விரிசல் விடலாம். தண்ணீர் உள்ளே புகுந்தால் அந்த வெள்ளைத் தூள் ஈரம் குடித்துக் கரண்டை வெளியே விட ஆரம்பிக்கும். அப்போது கரண்ட் தண்ணீர் வழியாக வெளியே வரப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு அரண்கள் உண்டு. முதலாவது எர்த் வயர். கசியும் கரண்ட் உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் எர்த் வழியாகவே நிலத்துக்குப் போகும். இரண்டாவது கசிவுக் காப்பு, நம் ஊர் வழக்கில் ஈஎல்சிபி. போகும் கரண்ட்டும் திரும்பும் கரண்ட்டும் சமமாக இல்லையென்றால் அது கண் இமைக்கும் நேரத்தில் வெட்டும்.

எவ்வளவு கசிந்தால் வெட்ட வேண்டும்? 10 மில்லியாம்பியரைச் சுற்றித்தான், பிடித்த கையை விட முடியாத நிலை தொடங்குகிறது. 30-ஐத் தாண்டி நீடித்தால் இதயத் துடிப்பு குலையும் ஆபத்து உண்டு. மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள், தரை நனையக்கூடிய இடங்களுக்கான கசிவுக் காப்பு 10 மில்லியாம்பியருக்கு மேற்படக் கூடாது என்கின்றன. உங்கள் வீட்டு டிபி பெட்டியை, அதாவது வீட்டுக்குள் கரண்ட் பிரிந்து போகும் பெட்டியை, திறந்து பாருங்கள். ஹீட்டருக்கென்று தனியாக '10 எம்ஏ' அல்லது '0.01 ஏ' என்று எழுதிய ஒன்று இருக்க வேண்டும். வீடு முழுமைக்கும் 100 மில்லியாம்பியர் ஒன்று மட்டும் இருந்தால், அது தீ விபத்தைத் தடுக்கலாம், ஈரத்தில் நிற்கும் ஆளைக் காக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

ஹீட்டருக்குள்ளேயே ஈஎல்சிபி இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் அது பெட்டிக்குள் வரும் வயரைக் காக்காது. ஈரப்பெட்டிக்குள் பல வருடம் தொங்கிய பிறகு அதன் பட்டன் இறுகிப் போவதும் உண்டு. டிபியில் உள்ளதுதான் முக்கியமான காவல்.

மாதம் ஒரு முறை இரண்டு இடத்திலும் 'டி' என்று எழுதிய சோதனைப் பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழ வேண்டும். விழவில்லையென்றால் மாற்றும்வரை அந்த ஹீட்டரில் குளிக்காதீர்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: அந்தப் பட்டன் ஈஎல்சிபியைத்தான் சோதிக்கிறது, எர்த் வயரைச் சோதிப்பதில்லை. எர்த் சரியா என்று பார்க்க மீட்டர் வைத்திருக்கும் வயர்மேன் வேண்டும். செந்தூல் பக்கத்துப் பழைய வீடுகளும் ஜார்ஜ்டவுன் கடைவீடுகளும் எர்த் விஷயத்தில் குறிப்பாகச் சந்தேகத்துக்குரியவை. வயர் மூன்று இருந்தாலும் மூன்றாவது எங்கேயும் போய்ச் சேராமல் இருக்கும்.

அப்புறம், 3.6 கிலோவாட் என்றால் ஏறக்குறைய 16 ஆம்பியர். 13 ஆம்பியர் மூன்று பின் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. தனி வயர், டிபியில் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் வெட்டும் சுவிட்ச்), குளியலறைக்கு வெளியே விளக்கு வைத்த 20 ஆம்பியர் இரட்டைத் துருவ சுவிட்ச். இதுதான் முறை. இந்த வேலையை எரிசக்தி ஆணையமான சுருஹான்ஜாயா தெனாகாவில் பதிவு பெற்ற வயர்மேனிடம் கொடுங்கள். மீட்டர்வரைதான் தெனாகா நேஷனலின் பொறுப்பு, அதற்கு உள்ளே எல்லாம் வீட்டுக்காரர் தலையில்.

ஹீட்டரைப் போட்டதும் டிரிப் ஆகிறது. என்ன செய்வது?

எது விழுகிறது என்று முதலில் பாருங்கள். எம்சிபி விழுந்தால் ஷார்ட் சர்க்யூட்டாகவோ அளவுக்கு மீறிய கரண்ட்டாகவோ இருக்கலாம். ஈஎல்சிபி விழுந்தால் கசிவு. ஹீட்டர் சுவிட்சை அணைத்தபின் டிபி நிற்கிறது, போட்டால் விழுகிறது என்றால் குற்றவாளி அநேகமாக எலிமெண்ட்தான். சுவிட்ச் அணைந்திருந்தும் விழுந்தால் வயரிங்கில் எங்கோ ஈரம் இருக்கிறது. இடி மழையில் மட்டும் எப்போதாவது விழுந்து, தூக்கிவிட்டால் நிற்கிறதென்றால் கவலை வேண்டாம். 10 மில்லியாம்பியர் காப்புக்கு அந்த அளவு உணர்ச்சி உண்டு.

அடிக்கடி விழுகிறதே என்று 10-ஐக் கழற்றிவிட்டு 100 போட்டுத் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். டிரிப் நின்றுவிடும், கசிவு நிற்காது. அப்படிச் செய்து தருகிறேன் என்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இடி மின்னல் நேரத்தில் குளிக்கலாமா?

தள்ளிப்போடுங்கள். உலகிலேயே இடி முழக்கம் அதிகம் உள்ள இடங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கும் ஒன்று. மாலை மழை ஒரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும், அதற்குள் ஒரு தேத்தண்ணீர் குடித்துவிடலாம்.

தொட்டி ஹீட்டர் எப்படி வேலை செய்கிறது?

கொண்டோக்களில் கூரைப்பலகைக்கு மேலே மறைத்து வைத்திருப்பார்களே, அதுதான். 15, 30 லிட்டர் அல்லது இன்னும் பெரிய தொட்டி, அதற்குள் எலிமெண்ட், வெப்பநிலையைக் காக்கும் தெர்மோஸ்டாட், சுற்றி நுரைக் காப்பு. 30 லிட்டரை 28-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 1.1 யூனிட் கரண்ட் வேண்டும். 1.5 கிலோவாட் எலிமெண்ட் என்றால் முக்கால் மணி நேரம். அந்த 60 டிகிரித் தண்ணீரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40-ஆக்கினால் கணக்குப்படி 80 லிட்டர் குளியல் தண்ணீர், நடைமுறையில் அதைவிடக் குறையும். சாதாரண நாளில் இரண்டு, மூன்று பேருக்குச் சரி. தீபாவளியன்று சீயக்காய் போட்டு எண்ணெயை இறக்குகிறவர்களுக்கு அந்தத் தண்ணீர் எந்த மூலைக்கு? ஒருவர் முடித்ததும் முக்கால் மணி நேரம் விட்டுத்தான் அடுத்தவர்.

சூட்டை 45-க்குக் குறைத்து வைத்தால் மிச்சம் என்று சிலர் நினைக்கிறார்கள். வெதுவெதுப்பான தேங்கிய தண்ணீர் லெஜியோனெல்லா கிருமிக்குப் பிடித்த இடம். தொட்டியை 60-இல் வைத்து, குழாயில் கலந்து குளிப்பதே முறை.

தொட்டியில் மூன்று பாகங்களை யாரும் கவனிப்பதில்லை. முதலாவது மெக்னீசியம் கம்பி, அனோடு என்பார்கள். துருவைத் தொட்டிக்கு வராமல் தன் மேல் வாங்கிக்கொண்டு கரைவதுதான் அதன் வேலை. புதிதில் கட்டை விரல் தடிமன் இருக்கும். சில வருடம் கழித்துக் கழற்றினால் நடுக்கம்பி மட்டும் எலும்பாக நிற்கும். அதற்குப் பிறகு துரு தொட்டியைத் தின்னத் தொடங்கும். இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்து மாற்றினால் தொட்டி பல வருடம் உழைக்கும். விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

இரண்டாவது அழுத்தம் விடும் வால்வு. சூடேறும்போது அதிலிருந்து சொட்டினால் பதறாதீர்கள். 28-இலிருந்து 60-க்குப் போகும் தண்ணீர் 1.3 விழுக்காடு விரியும், 30 லிட்டரில் அது கிட்டத்தட்ட 400 மில்லிலிட்டர். உள்ளே போகும் குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் அந்தத் தண்ணீருக்கு வேறு வழியில்லை. சூடேறாதபோதும் ஓயாமல் சொட்டினால் வால்வைச் சோதிக்கச் சொல்லுங்கள். சொட்டுகிறதே என்று அதை மூடிபோட்டு அடைப்பது, தொட்டியை வெடிகுண்டாக்கும் வேலை. மூன்றாவது தெர்மோஸ்டாட். குளியலறையில் நீராவி பறந்தாலோ குழாய் கொதித்தாலோ உடனே அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

கரண்ட் பில்லில் ஹீட்டர் எவ்வளவு தின்கிறது?

நினைப்பதைவிடக் குறைவாகத்தான். 3.6 கிலோவாட் உடனடி ஹீட்டரில் முழுச் சூட்டில் எட்டு நிமிடக் குளியல் அரை யூனிட்டுக்கும் கொஞ்சம் குறைவு. நாலு பேர் தினமும் ஒரு முறை என்றால் மாதம் 58 யூனிட். யூனிட் 45 சென் என்று வைத்தால் ஏறக்குறைய 26 வெள்ளி. 2025 ஜூலையில் கட்டண முறையே மாறிவிட்டதால், சரியான விலையை உங்கள் பில்லில் பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீரைச் சுட வைக்க உடனடி ஹீட்டருக்கும் தொட்டிக்கும் ஒரே கரண்ட்தான் ஆகிறது. வித்தியாசம் சும்மா இருக்கும் நேரத்தில்தான். உடனடி ஹீட்டர் சும்மா இருக்கும்போது எதையும் தின்னாது. தொட்டி ஹீட்டரை நாள் முழுக்க அணைக்காமல் வைத்தால், யாரும் குளிக்காவிட்டாலும் ஆறுவதும் சூடேறுவதுமாக ஓடிக்கொண்டே இருக்கும். குளிப்பதற்கு முக்கால் மணிக்கு முன் போட்டு, முடிந்ததும் அணைப்பவர்களுக்குப் பில் குறையும்.

சோலார் வைக்கலாமா?

தரை வீடு, நாலைந்து பேர், கூரை உறுதி என்றால் வைக்கலாம். சோலார் ஹீட்டரில் கரண்ட் தயாராவதில்லை, வெயில் நேராகத் தண்ணீரையே சுட வைக்கிறது. கூரையில் சாய்ந்த தகட்டுக்குள் சூடான தண்ணீர் லேசாகி மேலே உள்ள தொட்டிக்கு ஏறும், ஆறிய தண்ணீர் இறங்கி வரும். அதற்கு மோட்டாரே வேண்டாம். கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு 3 டிகிரி வடக்கே இருப்பதால் வடக்கா தெற்கா என்று அலட்டிக்கொள்ள வேண்டாம், பக்கத்துக் கட்டடத்தின் நிழல் விழாமல் இருந்தால் போதும். 300 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 300 கிலோ, கூரைக் கட்டையைப் பார்க்காமல் ஏற்றக் கூடாது.

சோலார் வைத்தும் பில் குறையவில்லை என்பவர்கள் வீட்டில் ஒரே காரணம்தான் திரும்பத் திரும்ப வருகிறது: மழை நாளுக்கென்று உள்ளே வைத்த மின் எலிமெண்ட்டின் சுவிட்ச் எப்போதும் போட்டபடியே கிடக்கும். வெயில் வருவதற்கு முன்னாலேயே கரண்ட் அந்தத் தண்ணீரைச் சுட வைத்துவிடும், வெயிலுக்கு வேலை இல்லாமல் போகும். இரண்டு நாள் தொடர்ந்து மழை அடித்தால் மட்டும் போடுங்கள்.

கேஸ் ஹீட்டர்?

சூடு தாராளமாக வரும். ஆனால் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. எரியும் கேஸ் மூடிய அறையின் ஆக்சிஜனைத் தின்று கார்பன் மோனாக்சைடைக் கக்கும். அதற்கு வாசனையில்லை, தலைசுற்றல் வந்த பிறகு கதவைத் திறக்கக்கூடத் தெம்பிருக்காது. வெளிச்சுவரில், காற்றோட்டத்தில் மட்டும்.

வாளியில் போடும் கம்பி ஹீட்டர்?

வேண்டாம். கையை விட்டுச் சூடு பார்க்கும் பழக்கம் நம்மை விட்டுப் போகாது, அந்தக் கம்பிக்கு அது தெரியாது.

குழந்தை, பெரியவர்கள் இருக்கும் வீட்டில் என்ன கவனிக்க வேண்டும்?

60 டிகிரித் தண்ணீர் பெரியவர்கள் தோலையே சில விநாடிகளில் புண்ணாக்கும். குழந்தைகளுக்கு அதைவிடச் சீக்கிரம். குழந்தையை நேராக ஷவரடியில் பிடிக்காதீர்கள், யாராவது ஃபிளஷ் இழுத்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். குழந்தையின் குளியல் தொட்டியில் முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர், முழங்கையை விட்டுப் பார்த்து 37 டிகிரி அளவில் குளிப்பாட்டுங்கள்.

சர்க்கரை நோய் நீண்ட நாள் உள்ளவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கால் மரத்துப் போயிருப்பதால் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. பாதத்தில் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும், அந்தப் புண் ஆற மாதக் கணக்காகும். வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் குமிழை வேறொருவர் வைத்துக் கொடுக்கட்டும்.

புதிதாக வாங்கும்போது எதைப் பார்ப்பது?

சிரிம் – எஸ்டி பாதுகாப்புச் சான்று ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று முதலில். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெட்டிகள் சிலவற்றில் அது இருக்காது. அது இல்லாத ஹீட்டரை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எலிமெண்ட்டுக்கும் தொட்டிக்கும் உத்தரவாதம் எத்தனை வருடம் என்று தனித்தனியே கேளுங்கள், 'ஐந்து வருட வாரண்டி' என்ற வார்த்தை எலிமெண்ட்டுக்கு மட்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். அலங்கார விளக்கும் டிஜிட்டல் எண்ணும் குளியலின் சூட்டைக் கூட்டாது. மிச்சமாகும் பணத்தில் டிபியில் 10 மில்லியாம்பியர் காப்பைப் போடுங்கள்.

வாடகை வீட்டில் இருக்கிறோம். ஹீட்டர் பழுதானால் யார் செலவு?

ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கணக்கு, அதனால் சாவி வாங்கும் முன் ஹீட்டரைப் போட்டுப் பார்த்து அதன் நிலையை எழுத்தில் சேருங்கள். சோதனைப் பட்டன் விழவில்லையென்றாலோ டிபியில் காப்பு இல்லையென்றாலோ அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள். நீங்களே வாங்கி மாட்டுவதானால், போகும்போது கழற்றிக்கொண்டு போகலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கழற்றினால் குழாய் வாயை அடைத்து, வயர் முனைகளை வயர்மேனைக் கொண்டு மூடிவிட்டுப் போக வேண்டும்.